கடலே இல்லாத துறைமுகம்: பிரிஸ்டல் போய் ஏமாந்தேன்

கேள்வி, 8 நவம்பர் 2024

லண்டனிலிருந்து ஒரு நாள் பிரிஸ்டல் போய் வந்தோம். இங்கிலாந்தின் பழம்பெரும் துறைமுக நகரம் என்று ஆளாளுக்குச் சொன்னதை நம்பித்தான் போனோம். கடலைக் காணோம். குளம் மாதிரி ஒரு தண்ணீர், சுற்றிலும் காபிக் கடை, நடுவே மஞ்சள் நிறப் படகு. அதே காசுக்கு பிரைட்டன் போயிருந்தால் அலையாவது பார்த்திருக்கலாம். போனவர்கள் சொல்லுங்கள், எதையாவது தவறவிட்டோமா, இல்லை இவ்வளவுதானா?

9 நவம்பர் 2024, காலை

எத்தனை மணிக்குப் போனீர்கள்?

9 நவம்பர் 2024, இரவு

கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே மணிதான் விஷயம்.

தூத்துக்குடி துறைமுகத்தில் 31 வருஷம் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவன் நான். இந்த செப்டம்பரில் பிரிஸ்டலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் நாள் மருமகன் ஹார்பர்சைடு கூட்டிக்கொண்டு போனார். நீங்கள் கேட்டதையேதான் நானும் கேட்டேன். "மாப்ள, கடல் எங்க?" "அது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி மாமா, ஏவன் ஆறு போய்ச் சேர்ற இடத்துல." எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. துறைமுகத்துக்காரனைக் கூட்டிப்போய்த் தெப்பக்குளத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்?

மூன்றாம் நாள் காலை தூக்கம் வராமல் தனியாக நடந்து கம்பர்லாண்ட் பேசின் பக்கம் போனேன். குளம் முடிந்து ஆறு தொடங்கும் இடம் அது. நடுவில் லாக் கேட், அதாவது நீர்மட்டம் வேறாக இருக்கும் இரண்டு பக்கத்துக்கும் நடுவே கப்பலை விடும் மதகு. மணி எட்டரை இருக்கும். வெளியே ஆறு கரை தொட்டு ஓடியது. சரி, ஆறு என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பிற்பகல் மூன்று மணிக்கு மருமகனோடு அதே வழியாகப் போகிறேன், ஆற்றைக் காணோம். பெரிய பள்ளம். இரண்டு பக்கமும் பழுப்புச் சேறு, கருப்பட்டிப் பாகு ஊற்றி ஆறவிட்ட மாதிரி மினுமினுவென்று. அடியில் வாய்க்கால் அளவு தண்ணீர். காலையில் பார்த்த மட்டத்துக்கும் அதற்கும் மூன்று மாடி வித்தியாசம் இருக்கும்.

தூத்துக்குடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூடத் தேறாது. 31 வருஷத்தில் வற்றத்துக்காக நான் வேலையை நிறுத்தியதே இல்லை. இங்கே ஆற்று முகத்துவாரமான ஏவன்மவுத்தில் பெருக்கு நாட்களில், அதாவது அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, 14 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. உலகத்தின் மிகப் பெரிய ஏற்றவற்றங்களில் ஒன்று. அன்று பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள், அதனால் முழுசாகக் கிடைத்தது.

நீங்கள் பார்த்த குளம் இந்த ஆற்றிலிருந்து தப்பிக்கக் கட்டியது. அதற்கு முன் 600, 700 வருஷம் இங்கே வந்த கப்பல் அத்தனையும் தினம் இரண்டு தடவை தரை தட்டிச் சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. சரக்கோடு. யோசித்துப் பாருங்கள். உட்காரும்போது கப்பல் ஒரு பக்கம் சாயும். உள்ளே பீப்பாய் ஒன்று உருண்டால் போச்சு. அதனால் இம்மி பிசகாமல் அடுக்கி, இடுக்கில் கட்டை கொடுத்து, கயிறு போட்டு இறுக்குவார்கள். சாமான் ஒழுங்காக இருந்தால் 'பிரிஸ்டல் பாணி' என்று சொல்கிற வழக்கம் கப்பல்காரர்களிடம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிரேக்கக் கேப்டன் நான் அடுக்கிய ஹேட்சை, அதாவது கப்பலின் சரக்கறையைப் பார்த்து அதைச் சொன்னார். பிரிஸ்டல் என்பது ஊர் என்றே அப்போது எனக்குத் தெரியாது, ஏதோ கம்பெனி என்று நினைத்தேன்.

1809இல்தான் லாக் கட்டி, ஏற்றத்தில் உள்ளே வரும் கடல் தண்ணீரைப் பிடித்து வைத்து, மட்டம் மாறாத துறையாக்கினார்கள். பெயர் ஃபுளோட்டிங் ஹார்பர். கப்பல் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும் என்பதால் அந்தப் பெயர்.

10 நவம்பர் 2024

மேலே கடைசிப் பத்தியில் தப்பு. கடல் தண்ணீரைப் பிடித்து வைத்தது இல்லை. மருமகன் படித்துவிட்டுப் போன் செய்தார்.

ஏவன், ஃப்ரூம் ஆகிய இரண்டு ஆற்றையும் தடுத்துத்தான் அந்தக் குளம், அதாவது ஆற்று நீர். ஏவனுக்குப் பதில் வழி வேண்டும் அல்லவா, அதற்காகத் தெற்கே நியூ கட் என்று புது ஆறே வெட்டினார்கள், 1804 முதல் 1809 வரை. ஏற்றவற்றம் இப்போது அந்தப் புது ஆற்றில்தான் நடக்கிறது. ஊருக்குள் நின்றபடி சேறு பார்க்க வேண்டுமானால் நியூ கட் பாலம் எதிலாவது நின்றால் போதும். கம்பர்லாண்ட் பேசின் வரை நடக்கவேண்டாம்.

வெட்டியவர்கள் பிரெஞ்சுப் போர்க்கைதிகள் என்று யாராவது கதை சொன்னால் நம்பவேண்டாம். கூலிக்கு வந்த ஆட்கள்தான். வேலை முடிந்து 1809 மே 1 அன்று ஆயிரம் பேருக்கு மாடு சுட்டு, பீர் ஊற்றி விருந்து. விருந்து முடிவில் இங்கிலீஷ் ஆட்களுக்கும் ஐரிஷ் ஆட்களுக்கும் அடிதடி. துறைமுகம் என்றால் எல்லா ஊரிலும் அப்படித்தான் போல.

10 நவம்பர் 2024, சற்று நேரம் கழித்து

"நாலு வருஷமா இங்கதான் இருக்கேன், தண்ணி இறங்கறதைக் கவனிச்சதே இல்ல மாமா" என்றார் அதே மருமகன். நியூ கட் பாலத்தைத் தினம் இரண்டு தடவை தாண்டுகிறவர். கையில் போன் இருக்கும்.

14 நவம்பர் 2024

"சரி, குளத்துக்குள் பார்க்க என்னதான் இருக்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள்.

ஒன்றே ஒன்று பார்க்க நேரம் என்றால் கிரேட் பிரிட்டன் கப்பல். டிக்கெட் விலை உறைக்கும், பரவாயில்லை, கொடுங்கள். புருனெல் என்ற பொறியாளர் கட்டியது. 1843 ஜூலை 19 அன்று தண்ணீரில் இறங்கியது. இரும்பு உடல், அடியில் புரொப்பெல்லர் இரண்டும் சேர்ந்த முதல் பெரிய கடல் கப்பல் இதுதான். 98 மீட்டர். இன்றைக்குத் தூத்துக்குடிக்கு வரும் நிலக்கரிக் கப்பல் பக்கத்தில் நிறுத்தினால் குட்டி. அன்றைக்கு உலகத்திலேயே பெரியது.

அதனால் வந்த வினையைக் கேளுங்கள். கப்பல் தயார், வெளியே விட முடியவில்லை! லாக் குறுகல். ஒன்றரை வருஷம் குளத்துக்குள்ளேயே கிடந்தது. 1844 டிசம்பரில் பெருக்கு நாள் பார்த்து இழுத்தபோது நடு லாக்கில் சிக்கிக்கொண்டது. இழுத்தும் வரவில்லை, தள்ளியும் போகவில்லை. லாக் சுவரின் மேல்கல்லை ஆள் வைத்துப் பெயர்த்தெடுத்து, அடுத்த ஏற்றம் தவறுவதற்குள் வெளியே விட்டார் புருனெல். அன்றைக்கு அங்கே நின்றிருந்த ஃபோர்மேன் எவனோ, அவன் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

போன கப்பல் பிறகு லிவர்பூலிலிருந்துதான் ஓடியது. ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறுகிறவர்களை ஏற்றிப் போயிருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு விளையாடப் போன முதல் இங்கிலாந்து கிரிக்கெட் அணி, எச்.எச். ஸ்டீபன்சன் தலைமையில், 1861இல் இதில்தான் போனது. 1857 கிளர்ச்சியை அடக்க பம்பாய்க்குப் பட்டாளம் ஏற்றிப் போனதும் இதுதான். கடைசியில் ஃபாக்லாந்து தீவில் கம்பளி, நிலக்கரி போட்டு வைக்கும் கிடங்காகி, 1937இல் ஓட்டை போட்டுக் கரையோரம் கைவிட்டார்கள்.

1970இல் போய், விலாவிலிருந்த வெடிப்பில் மெத்தைகளைத் திணித்து அடைத்து, மிதவை மேல் ஏற்றி அட்லாண்டிக் முழுக்க இழுத்துக்கொண்டு வந்தார்கள். கட்டிய அதே ட்ரை டாக்கில், அதாவது தண்ணீரை வடித்துவிட்டு வேலை செய்யும் கப்பல் தொட்டியில், மறுபடி நுழைந்தது ஜூலை 19. நாள்கூட மாறவில்லை, 127 வருஷம்.

மேல் தளம், சாப்பாட்டுக் கூடம், குதிரைப் பொம்மை எல்லாம் குழந்தைகளுக்கு. நான் ஒரு மணி நேரம் நின்றது கீழே. நீர்மட்டத்தில் கண்ணாடித் தளம் போட்டு அதன் மேல் மெல்லியதாகத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். படி இறங்கினால் கடலுக்கடியில் நிற்கிற மாதிரி, தலைக்கு மேல் தண்ணீர் ஆடும் வெளிச்சம். இரும்பு இன்னும் அரிக்காமலிருக்க அந்த இடத்தின் காற்றைப் பெரிய யந்திரங்கள் பிழிந்து காய வைக்கின்றன, ஈரப்பதம் 20 சதவீதம்தான். தகடுகள் சில இடத்தில் பொரித்த அப்பளம் மாதிரி. தட்டினால் உதிரும் போலிருக்கும். உப்புக்காற்றில் வேலை செய்து எத்தனையோ ஹேட்ச் கவர் இப்படி ஆனதைப் பார்த்திருக்கிறேன், நாங்கள் வெட்டி இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுவோம். இவர்கள் காற்றுக்கே காவல் வைத்திருக்கிறார்கள்.

15 நவம்பர் 2024

"1838இல் நியூயார்க் போனது இந்தக் கப்பல்தானே?" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை தம்பி, அது கிரேட் வெஸ்டர்ன். புருனெல்லின் முந்தைய கப்பல், 1838இல் நியூயார்க் போனது, மர உடல், துடுப்புச் சக்கரம். அதுவும் பிரிஸ்டலில் கட்டியதுதான். ஆள் ஒருவரே என்பதால் எல்லாருக்கும் குழப்பம் வரும். நீங்கள் இறங்கிய ரயில் பாதையும் அவருடையதுதான். லண்டனில் ரயில் ஏறி, பிரிஸ்டலில் கப்பல் ஏறி நியூயார்க் போகவேண்டும் என்பது அவர் கணக்கு. பாதை 1841இல் முடிந்தது. கணக்குதான் லாக் கேட்டில் மாட்டிக்கொண்டது.

23 நவம்பர் 2024

இதை எழுதுவதா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

நவம்பர் 9 குறிப்பில் 'பிரிஸ்டல் பாணி' என்று பெருமையாக எழுதினேன். இதே ஊர்க் கப்பல்கள்தான் 1698 முதல் 1807 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக அட்லாண்டிக் கடத்தின. இங்கிருந்து பித்தளைச் சாமான், துணி, துப்பாக்கி போகும். ஆப்பிரிக்கக் கரையில் அதைக் கொடுத்து ஆட்களை வாங்கி ஏற்றுவார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அவர்களை விற்றுவிட்டுச் சர்க்கரை, ரம், புகையிலையோடு திரும்புவார்கள். இந்தக் காசு கலந்த குயின் ஸ்கொயர் வீடுகளை அழகு அழகு என்று படமெடுப்போம், நானும் எடுத்தேன்.

எம் ஷெட் என்று பழைய சரக்குக் கொட்டகையை மியூசியமாக்கியிருக்கிறார்கள், இலவசம். 2020 ஜூன் 7 அன்று ஜனங்கள் கயிறு கட்டி இழுத்து, உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்களே அடிமை வியாபாரி எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலை, அது அங்கேதான் இருக்கிறது. நிறுத்தி வைக்கவில்லை, மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார்கள். மேலே தெளித்த சிவப்பு, நீலப் பெயிண்டைத் துடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அவர் செத்தது 1721. சிலை வைத்தது 1895, 'நற்குணமும் ஞானமும் மிக்க புதல்வர்' என்ற எழுத்தோடு. 170 வருஷம் கழித்து எவருக்கு இந்தத் தேவை வந்தது என்பது தனிக் கதை. சிலையைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கழுவியபோது உள்ளேயிருந்து ஒரு சைக்கிள் டயரும் 1895ஆம் வருஷத்துப் பத்திரிகை ஒன்றும் கிடைத்தனவாம். சிலை வேலைக்காரன் எவனோ படித்துவிட்டுச் செருகியிருப்பான்.

சொல்ல வந்தது வேறு. புரூக்ஸ் என்று ஒரு லிவர்பூல் அடிமைக் கப்பலின் வரைபடம் 1788இல் அச்சானது, எங்காவது பார்த்திருப்பீர்கள். தளம் முழுக்கச் சின்னச் சின்ன மனித உருவம், தலைமாடு கால்மாடாக. சட்டம் அனுமதித்தது 454 பேர். அதற்கு முன்னால் 609 பேர் வரை ஏற்றியிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது கொடூரமான படம். எனக்கு அது ஸ்டோவேஜ் பிளான், கப்பலில் சரக்கு அடுக்கும் வரைபடம். நான் வாழ்நாள் பூராவும் படித்த அதே மாதிரிக் காகிதம். எந்த இடுக்கில் எது, எவ்வளவு அகலம், எங்கே தூண் குறுக்கிடுகிறது, தூணைச் சுற்றி எப்படி நிரப்பியிருக்கிறான், எல்லாம் ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. வரைந்தவன் கை சுத்தம் என்று மனசு முதலில் சொன்னது. இரண்டாவதாகத்தான் மற்றது தோன்றியது. அந்த வரிசையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

படம் லிவர்பூல் கப்பலுடையது என்றாலும் அதற்கு முந்தைய வேலை நடந்தது பிரிஸ்டலில். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய தாமஸ் கிளார்க்சன் 1787இல் வந்து செவன் ஸ்டார்ஸ் என்ற சாராயக் கடையில் உட்கார்ந்து மாலுமிகளிடம் சாட்சியம் திரட்டினார். கடை இன்னும் இருக்கிறது, ஸ்டேஷனிலிருந்து நடை தூரம். சுவரில் பலகை உண்டு.

ரெட்கிளிஃப் குகைகளில் அடிமைகளை அடைத்து வைத்திருந்தார்கள்.

24 நவம்பர் 2024

மேலே கடைசி வரி பொய்க்கதை. பக்கத்தில் நடந்து வந்த ஒரு ஆள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். அது கண்ணாடித் தொழிலுக்கு மணல் வெட்டிய குகை. கடத்தப்பட்ட ஜனங்கள் பெரும்பாலும் பிரிஸ்டல் பக்கமே வரவில்லை, ஆப்பிரிக்காவிலிருந்து நேரே தீவுகளுக்குத்தான். லாபம் மட்டும் இங்கே வந்தது. பிளாக்பாய் ஹில், வொய்ட்லேடிஸ் ரோடு என்ற பெயர்களுக்கும் அடிமை வியாபாரத்துக்கும் முடிச்சுப் போடுவார்கள், அவை பழைய மதுக்கடைப் பெயர்களிலிருந்து வந்தவை.

இங்கே நிஜமாக வாழ்ந்த ஒருவர் பெயர் வேண்டுமானால் பீரோ. நெவிஸ் தீவில் அடிமையாகப் பிறந்து, ஜான் பின்னி என்ற தோட்ட முதலாளியோடு 1783இல் இங்கே வந்து வேலைக்காரனாக இருந்து 1798இல் இறந்தார். பின்னி கட்டிய வீடு இப்போது ஜார்ஜியன் ஹவுஸ் மியூசியம். துறைமுகத்தில் இரண்டு பெரிய கொம்பு முளைத்த நடைபாலம் பார்த்தீர்களே, அது பீரோ பாலம். கொம்பு அழகுக்கு என்று நினைத்தேன். பாலத்தின் நடுப்பகுதி படகுக்காகத் தூக்கும்போது எடை சரிக்கட்டும் சாமான் அது. கோல்ஸ்டனைத் தள்ளிய இடம் அந்தப் பாலத்தின் பக்கத்தில்தான்.

30 நவம்பர் 2024

"ஏன் எங்கேயும் வில்ஸ் என்று எழுதியிருக்கிறது?"

நம்ம வில்ஸ்தான் அண்ணாச்சி. எங்கள் அப்பாவின் சிகரெட் பாக்கெட்டில் 'டபிள்யூ.டி. அண்ட் எச்.ஓ. வில்ஸ்' என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்தக் கம்பெனி இந்த ஊர்தான். பார்க் ஸ்ட்ரீட் மேட்டில் கோயில் கோபுரம் மாதிரி நிற்கும் பல்கலைக்கழகக் கட்டடம், 1925இல் திறந்தது, அவர்கள் காசு. கம்பர்லாண்ட் பேசின் ஓரம் செங்கல் மலை மாதிரி மூன்று கிடங்கு புகையிலை போட்டு வைக்கக் கட்டியது, ஒன்றில் இப்போது ஆவணக் காப்பகம். அப்பா பிடித்த கோல்டு ஃப்ளேக்கில் அந்தக் கோபுரத்தில் ஒரு செங்கல்லாவது வந்திருக்கும் என்று மகளிடம் சொன்னேன். திறந்தது 1925, தாத்தா பிறந்தது 1934 என்றாள். கணக்குப் பிள்ளை.

7 டிசம்பர் 2024

ராஜா ராம்மோகன் ராய் சமாதி பற்றிக் கேட்டவருக்கு: ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டம், ஊரின் தென்கிழக்கே. நாங்கள் முதல் தடவை சாயங்காலம் போய், கேட் சாத்தியிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். நேரம் பார்க்காதது எங்கள் தப்பு. அடுத்த ஞாயிறு காலை போனோம்.

முகலாய பாதுஷாவின் தூதராக 1831இல் இங்கிலாந்து வந்தவர், நண்பர்களைப் பார்க்க பிரிஸ்டல் வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு 1833 செப்டம்பர் 27 அன்று காலமானார். முதலில் ஸ்டேபிள்டனில் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் அடக்கம். பத்து வருஷம் கழித்து துவாரகநாத் தாகூர் முயற்சியில் இங்கே மாற்றினார்கள். சிலுவைகளுக்கும் சிறகு வைத்த தேவதைகளுக்கும் நடுவே தூண் வைத்த வங்காள மண்டபம், கல்லில் குடை மாதிரிக் கூரை. மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே ஒதுங்கி நின்றோம். யாரோ வைத்த சாமந்தி மாலை காய்ந்து கிடந்தது. அன்றைக்கு அங்கே நாங்கள் மூன்று பேர்தான்.

ஊர் நடுவில் காலேஜ் கிரீனில் சிலையும் உண்டு, 1997இல் வைத்தது. நேரமில்லாதவர்கள் அதோடு திருப்திப்படலாம்.

15 டிசம்பர் 2024

சாமுவேல் பிளிம்சால் இந்த ஊரில் பிறந்தவர் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போனதே! 1824.

கப்பல் பக்கவாட்டில் வட்டம் போட்டுக் குறுக்கே கோடு, பக்கத்தில் ஏணி மாதிரி கோடுகள், டி.எஃப், எஃப், டி, எஸ், டபிள்யூ என்று எழுத்துகள். அதுதான் பிளிம்சால் கோடு. அது முங்கினால் சரக்கு அதிகம். கப்பல் எவ்வளவு முங்கியிருக்கிறது என்று பார்த்துச் சரக்கின் எடையைக் கணக்கிடும் டிராஃப்ட் சர்வேக்கு நான் சர்வேயரோடு சின்னப் படகில் போவேன். முன்னே, நடுவே, பின்னே, இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு இடத்தில் தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று படிக்கவேண்டும். அலை அடிக்கும்போது உயர்வும் தாழ்வும் பார்த்து நடுவே மதிப்புச் சொல்லணும். ஒரு சென்டிமீட்டர் தப்பினால் பெரிய கப்பலில் 50, 60 டன் கணக்கில் உதைக்கும்.

காப்பீட்டுப் பணத்துக்காக ஓட்டைக் கப்பலில் அளவுக்கு மீறி ஏற்றி மாலுமிகளைச் சாகவிட்ட முதலாளிகளோடு பார்லிமெண்டில் மல்லுக்கட்டியவர் அவர். 1876இல் கோடு கட்டாயமானது. ஆனால் எங்கே போடுவது என்பதை முதலாளி இஷ்டத்துக்கே விட்டுவிட்டார்கள். கேப்டன் ஒருவர் புகைக்கூண்டில் போட்டார் என்று கதை உண்டு. 1890இல்தான் அந்த ஓட்டையும் அடைபட்டது. பேசின் பக்கம் சாலையைத் தூக்கிக்கொண்டு சுழலும் இரும்புப் பாலத்துக்கு அவர் பெயர். துறைமுகக் கரையில் மார்பளவுச் சிலையும் உண்டு. காபிக் கடைக்கு நடுவே அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நடை ஆனது. கும்பிட்டேன். பக்கத்தில் நாயோடு நின்ற அம்மா என்ன நினைத்தாரோ.

அந்த ஊர் கோல்ஸ்டனைத் தூக்கி நிறுத்திய உயரத்துக்கும் இவரை வைத்திருக்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

4 ஜனவரி 2025

கார்ன் ஸ்ட்ரீட் எக்ஸ்சேஞ்ச் கட்டடக் கடிகாரத்தில் நிமிஷ முள் இரண்டு. ரயில் வருவதற்கு முன் பிரிஸ்டலுக்குத் தனி நேரம், லண்டனைவிட 10 நிமிஷம் பின்னால். ரயில் வந்தபின் ஒரு முள் லண்டனுக்கு, ஒரு முள் ஊருக்கு. 1852இல்தான் லண்டன் நேரத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். நம்ம பக்கம் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடிய காலம் உண்டு, இப்போதைய இந்திய நேரத்துக்கு அது 9 நிமிஷம் பின்னால். வாசலில் தரையில் நட்ட நாலு வெண்கல மேசை இருக்கிறது. வியாபாரிகள் அதன் மேல் காசை எண்ணி வைப்பார்களாம். பின்னாலேயே செயின்ட் நிக்கலஸ் மார்க்கெட், சாப்பிட நல்ல இடம். வாங்கியதை உள்ளேயே சாப்பிடுங்கள். நான் சிப்ஸ் பொட்டலத்தோடு வெளியே வந்தேன், கடல் காகம் வந்து கையிலிருந்தே எடுத்துக்கொண்டு போனது. கடல் இல்லாத ஊரில் அதுமட்டும் எப்படி வந்ததோ.

19 ஜனவரி 2025

கேள்வி கேட்டவர் மறுபடி போய் வந்திருக்கிறார்! பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள் பார்த்து, நான் எழுதியபடி காலை எட்டரைக்கு நியூ கட் பாலத்தில் நின்றாராம். "கரை தொட்டு ஓடும் என்றீர்கள், இரண்டு பக்கமும் சேறு தெரிந்ததே, அதுவும் ஏமாற்றா?" என்கிறார். பிறகு ஊரைச் சுற்றிவிட்டு மூன்று மணிக்கு வந்தால் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்ததாம்.

அடியில் வாய்க்கால் தண்ணீர் எப்படி இருந்தது, படம் எடுத்தீர்களா என்று கேட்டிருக்கிறேன். நேரம் ஏன் தப்பியது என்று யோசிக்கிறேன். பெருக்கு நாட்களில் ஏற்றம் ஒரு துறையில் கிட்டத்தட்ட ஒரே மணியில்தான் வரும். அது மாறக்கூடாதே.

19 ஜனவரி 2025, இரவு

என் தப்புதான். நான் பார்த்தது செப்டம்பர், அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கும் காலம். ஜனவரியில் அதே ஏற்றம் ஏழு, ஏழரைக்கே முடிந்துவிடும். சந்திரன் கடிகாரம் பார்ப்பதில்லை. நான்தான் பார்த்தேன்.

மார்ச் கடைசியில் போகிறேன் என்று எழுதியிருப்பவருக்கு: மார்ச் 29 அமாவாசை. சம இரவு நாளை ஒட்டி வருவதால் பெருக்கு பெரிதாக இருக்கும். 31ஆம் தேதி வாக்கில் உச்சம். ஆனால் 30ஆம் தேதி அதிகாலையில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். 29 காலை நின்றால் ஏழுக்குச் சற்று முன், 31 என்றால் ஒன்பதை ஒட்டி. ஏவன்மவுத் ஓத அட்டவணையைப் பார்த்து, அதில் போட்டிருப்பது எந்த நேரம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். சேற்றில் இறங்கவே வேண்டாம்.